பதினாறுக்கு அடுத்தது பதினெட்டு

எங்கள் வாய்க்கால் பாசனக் குழுவுக்கு முறைத்தண்ணீர் பதிவுசெய்ய ஒரு மென்பொருள் எழுதித் தருகிறேன் என்று நானாகத்தான் வாயைக் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. இருபது வருடமாக ஜாவா எழுதிப் பிழைப்பவன், கேரள எல்லையோரம் பெருமாட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்கு நடுவே உட்கார்ந்து பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன், ஊருக்கு ஓர் உபகாரம் செய்யக் கூடாதா என்ற திமிர்.

வேலை எளியது. பெயர் கொடுத்தால் குழுவின் கிளார்க் பதிவார்; முறை எண்ணும் நேரமும் அச்சான சீட்டு வரும். மடை திறந்துவிடுபவரின் போனில் அன்றைய பட்டியல் தெரியும். பட்டியலில் பெயர் இருந்தால் வயலுக்குத் தண்ணீர். இல்லையென்றால் அடுத்த ஆளுக்கு.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான்கு வயல் தள்ளி நெல் போட்டிருக்கும் பெண்மணி மண்வெட்டியோடு என் வாசலில் நின்றார். கையில் சீட்டு.

"ஏனுங்ணா, இது உங்க கம்ப்யூட்டர் குடுத்ததுதானுங்களே?"

"ஆமாங்க அம்மணி."

"பதினேழுன்னு போட்டிருக்குதுங்களா?"

"போட்டிருக்குதுங்க."

"மடைக்காரர் போன்ல பதினாறுக்கு அடுத்தது பதினெட்டுங்கறாரு. பதினெட்டாம் நம்பருக்குத் தண்ணியத் திருப்பி உட்டுப்போட்டாரு. அப்ப நான் எங்கீங்க போனேன்?"

நியாயமான கேள்வி. அவரே தொடர்ந்தார். "கதிர் தள்ளுற நேரமுங்க. சனிக்கிழமை பொழுதோட அணை ஷட்டர எறக்கிருவாங்க. அதுக்குள்ள ஒரு தண்ணி பாயலீன்னா எல்லாம் பதருதானுங்க."

கிளார்க்கிடம் போனேன். "இவங்க பேரைப் பதிஞ்சப்ப ஸ்க்ரீன்ல சிவப்பா ஏதாச்சும் வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க சார். அதுதான் எப்பவும் வருமே. சீட்டு வந்துருச்சு, மூடிப்போட்டேன்."

எப்பவும் வரும்தான். பிரிண்டரில் காகிதம் குறைந்தால்கூடச் சிவப்பில் எச்சரிக்கும்படி வைத்திருந்த புத்திசாலி நானே.

நடந்தது இதுதான். பதிவு செய்யும் மெத்தட், அதாவது ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பு, முதலில் முறையை எழுதும், பிறகு சீட்டை அச்சிடும், கடைசியில் எஸ்.எம்.எஸ். அனுப்பியதற்கான குறிப்பை எழுத இன்னொரு மெத்தட்டை அழைக்கும். குறிப்பில் போன் நம்பருக்கு நான் ஒதுக்கியது பத்தே இடம். எல்லையோரத்தில் எவர் பத்தோடு நிற்கிறார்? வீட்டில் கேரள சிம், வயலில் தமிழ்நாட்டு சிம். டவர் எது பிடிக்கிறதோ அது. பழைய பட்டியலிலிருந்து வந்தவர்களுக்கு ஒரு நம்பர்தான் இருந்தது. இந்த வருடம் புதிதாகப் பெயர் கொடுத்த ஒரே ஆள் இவர். இரண்டையும் சொல்லியிருக்கிறார், கிளார்க் நடுவில் ஒரு கோடு போட்டு இரண்டையும் தட்டியிருக்கிறார். என் விசிட்டிங் கார்டிலும் அப்படித்தான் இருக்கிறது.

நம்பர் கொள்ளவில்லை, குறிப்பு எழுதுவது தோற்றது. போகட்டும், எஸ்.எம்.எஸ். தானே என்று அந்தத் தோல்வியைப் பிடித்து விழுங்கியிருந்தேன். அங்கேதான் கோளாறு. டிரான்சாக்ஷன் என்பது, எல்லாப் படியும் நிற்கட்டும், இல்லையேல் எதுவுமே நடக்காததாகட்டும் என்ற ஏற்பாடு. உள்ளே அழைக்கப்படும் வேலை, வேறு மாதிரி சொல்லாதவரை, வெளியே ஏற்கெனவே ஓடும் டிரான்சாக்ஷனிலேயே தொற்றிக்கொள்ளும். உள்ளே தொற்றியவர் தோற்றால், மொத்தப் பயணமும் ரத்து என்று டேட்டாபேஸே குறித்துவிடும். அதன்பிறகு வெளியே இருப்பவர் 'பரவாயில்லை' என்று எவ்வளவு பெருந்தன்மை காட்டினாலும் கமிட் ஆகாது, எழுதியது எதுவும் நிலைக்காது. முறை அழிந்தது. சீட்டு மட்டும் அதற்கு முன்பே அச்சாகி வெளியே வந்துவிட்டது. அச்சான காகிதத்தை ரோல்பேக் செய்து வெற்றுத்தாளாக்க இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. தீர்ந்துபோன பதினேழும் திரும்பவில்லை; அடுத்தவருக்குப் பதினெட்டுதான் கிடைத்தது.

மருந்து எனக்குத் தெரியும். குறிப்பு எழுதும் மெத்தட்டின் தலையில் 'உனக்குத் தனி டிரான்சாக்ஷன்' என்று ஒரு வரி ஒட்டினேன். "சரி பண்ணியாச்சுங்க, வியாழக்கிழமை உங்க முறை" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

வியாழக்கிழமை அதே வாசல், அதே மண்வெட்டி, புதுச் சீட்டு.

"இருபத்தாறுங்ணா. அங்க இருபத்தஞ்சுக்கு அடுத்தது இருபத்தேழு." சீட்டை என் கையில் திணித்தார். "நீங்க நெசமாலுமே இந்த வேலையத்தான் பாக்கறீங்களா?"

இரண்டு மணி நேரம் திரையை முறைத்தபிறகு உறைத்தது. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு வருடாவருடம் நானே வகுப்பெடுக்கும் விஷயம். அந்த ஒட்டிய வரி செக்போஸ்ட்டில் காட்டும் பாஸ் மாதிரி. கிளாஸ் என்பது மெத்தட்டுகள் குடியிருக்கும் ஊர். வெளியிலிருந்து ஒரு கிளாஸுக்குள் வரும் அழைப்பைத்தான் ஃபிரேம்வொர்க் என்னும் காவல் வாசலில் நிறுத்திப் பாஸைப் பார்க்கும். இங்கே இரண்டு மெத்தட்டும் ஒரே கிளாஸில். ஊருக்குள்ளேயே ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு நடக்கிறவனை எந்த செக்போஸ்ட் நிறுத்தும்? பாஸ் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை.

குறிப்பு எழுதுவதைத் தனி கிளாஸுக்குக் குடிமாற்றினேன். கமிட் ஆனபிறகே சீட்டு என்று மாற்றினேன். போன் நம்பருக்குத் தாராளமாக இடம் விட்டேன். இதை முதலிலேயே செய்திருந்தால் மற்ற எதுவும் தெரியாமலே காலம் தள்ளியிருப்பேன். பிறகு வேண்டுமென்றே முப்பது இலக்க நம்பர் ஒன்றைத் தட்டிப் பார்த்தேன். குறிப்பு தோற்றது, முறை நின்றது.

சனிக்கிழமைக்குப் பதியும்போது அவரும் வந்திருந்தார். கிளார்க் நீட்டிய சீட்டை வாங்கவில்லை.

"அத நீங்களே வச்சுக்கங்க. மடைக்காரர் போன்ல பேர் வந்துதான்னு கேட்டுச் சொல்லுங்க, நான் இங்கயே உக்காந்திருக்கறேன்."

வந்திருந்தது. மதியம் தண்ணீர் பாய்ந்தது. கீழ்வயல் முழுக்கப் பிழைத்தது. மேட்டுமூலை மட்டும் இரண்டு முறை தவறியதில் பால் பிடிக்காமல் வெளுத்து நின்றது. அறுவடையில் அதை மாட்டுக்கென்று தனியாகக் கட்டினார்.

இப்போது அந்த வரப்பில் நான் நடந்தால் எங்கிருந்தாலும் குரல் வந்துவிடும்.

"ஏனுங்ணா, கம்ப்யூட்டர் மூலைல இந்தத் தடவை சோளம் போட்டிருக்கறேனுங்க. மழைத்தண்ணியே போதுங்க. உங்களுக்குச் செரமம் வேண்டாம்."