ஆம்பல் குளத்தில் பவுண்டன்

குளத்துக்குள் இறங்கி வேலை செய்கிறவளுக்குக் கரையில் நிற்கிற ஆளெல்லாம் மேஸ்திரி. வயலில் சேறு மிதித்தவர்களும் ஓடை வாரினவர்களும் இதை ஒத்துக்கொள்வீர்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் டிக்கெட் எடுத்துப் பார்க்கிற பூங்கா ஒன்று உண்டு. அங்குள்ள ஆம்பல் குளம் என் பொறுப்பு. முன்பு முந்திரிப் பருப்பு ஆலையில் இருந்தேன், அதை மூடிவிட்டார்கள். பருப்பு உடைத்துக் கறுத்த கை குளத்துத் தண்ணீரில் வெளுத்தது. புத்திதான் கலங்கிப்போயிற்று.

கையால் திறக்கச் சொன்னவர்

எங்களுடையது பகலில் பூக்கிற ஆம்பல், அதற்கு ஒரு குணம். வெயில் ஏறினால் விரியும், வெயில் தாழ்ந்தால் கூம்பும். பூங்காவுக்கு வருகிறவர்களுக்கோ வெயில் தாழ்ந்த பிறகுதான் கால் நீளும். அப்போது குளத்தில் பார்க்க இருப்பது இலையும் மொட்டும் நானும்தான்.

காட்டாக்கடையிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்தார். குளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையில் இருந்த டிக்கெட்டைப் பார்த்தார். காலையில் வாருங்கள், எல்லாம் விரிந்திருக்கும் என்றேன். அவர் கோபப்படவில்லை, பாவம், சங்கடப்பட்டார். "அதுக்கு இனியும் டிக்கெட் எடுக்கணுமில்லியா? ரெண்டெண்ணத்தை இப்பம் கையால திறந்து காட்டினா போரும். பிள்ளைகள் பாத்துட்டுப் போயிரும்."

ஜலதோஷம்

பிறகு குளத்தின் நடுவில் பவுண்டன் வைத்தார்கள். அதை ஓட்ட சேவியர் வந்தான். கடற்புறத்துக்காரன். வள்ளம் கவிழ்ந்து, பலகையைப் பிடித்துக்கொண்டு மிதந்து பிழைத்தவன். அதற்குப் பிறகு அவன் பெண்டாட்டி மேரி அவனைக் கடலுக்கு விடுவதில்லை. நல்ல பிள்ளை. சுவிட்சைத் தொடுவதற்கு முன்பும் சிலுவை போட்டுக்கொள்வான்.

பவுண்டன் ஆட ஆட ஆம்பல் மெலிந்தது. ஓயாமல் தண்ணீர் விழுந்து இலை அழுகியது. மொட்டு மேலே வராமல் அடியிலேயே நின்றது. ஏன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது, கண்டதைச் சொல்கிறேன். கிடக்கிற தண்ணீர் அதற்கு வேண்டும், மேலே விழுகிற தண்ணீர் ஆகாது. இதை மானேஜர் சாரிடம் சொன்னபோது அவர் என்னை நெற்றியில் தொட்டுப் பார்க்காத குறைதான். "குளத்துல கிடக்கிற சாதனத்துக்கு மேல ரெண்டு துளி விழுந்தா ஜலதோஷமா பிடிக்கும், தங்கபாய்?"

ஒரே சோறு

பூங்காவை நடத்துகிற கமிட்டிக்குச் செலவு முட்டியது. அவர்கள் குளத்தைப் பார்க்க வருவார்கள், பூ நன்றாக இருந்தால் நான் நிற்பேன், இல்லையென்றால் சேவியர் நிற்பான், இரண்டு ஆளுக்குச் சம்பளம் இனி இல்லை என்று மானேஜர் சார் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு மத்தியானம் நான் மரச்சீனிக் கிழங்கு கொண்டுபோயிருந்தேன், அவன் மீன்குழம்பு. வழக்கம்போலப் பகிர்ந்து வைத்தோம். பவுண்டன் மட்டும் ஒன்றும் தெரியாததுபோல் ஆடிக்கொண்டிருந்தது. சேவியர் சொன்னான்: "ஆம்பல் பூத்தா நான் வீட்டுக்கு. பவுண்டன் ஆடினா நீ வீட்டுக்கு. சோறு மட்டும் ஒண்ணா இருந்து தின்னுகோம். இது என்ன நியாயமாக்கும், அக்கா?"

கொசு பார்க்க வந்த பெண்

அவனே ஒரு வழியும் கண்டான். மானேஜர் சார் கண்ணில் படுகிற நேரம் பவுண்டன் ஆடும், மற்ற நேரம் ஓயும். மொட்டுகள் மெல்லத் தலை நீட்டின. அதற்குள் காய்ச்சல் காலம் வந்தது. வீடு வீடாகக் கொசு பார்க்கிற சுகாதாரப் பெண் இங்கேயும் வந்து, மூலையில் ஒரு குவளைத் தண்ணீர் கோரினாள். உள்ளே புழு நெளிந்தது.

தண்ணீர் அசைந்தால் கொசு வராது. அசையாவிட்டால் பூ வரும். நான் எந்தப் பக்கம் நிற்பது, நீங்களே சொல்லுங்கள். மானேஜர் சார் பவுண்டனைப் பகல் முழுக்க ஓட்டச் சொல்லிவிட்டார். போகிறபோது அந்தப் பெண் கேட்டாள்: "அம்மச்சி, நீங்க ஆம்பல் வளத்துதியளா, கொசு வளத்துதியளா?"

ஷால் விழுங்கிய பம்பு

பாலராமபுரத்திலிருந்து, கல்யாணம் நிச்சயமான ஒரு பையனும் பெண்ணும் படம் எடுக்க வந்தார்கள். போட்டோக்காரன் இருவரையும் முழங்கால் தண்ணீரில் இறக்கி நிறுத்தினான். பெண்ணின் தோளில் வால்போல நீளமான ஷால். அது மிதந்து மிதந்து போய், பவுண்டனுக்குத் தண்ணீர் இழுக்கிற பம்பின் வாயில் மாட்டிக்கொண்டது. பெண் பின்னால் போகிறாள், பையன் முன்னால் இழுக்கிறான், பம்பு கருகிய வாசம் வருகிறது. சேவியர் சுவிட்சை அணைத்துவிட்டுக் குளத்தில் சாடி, ஷாலை அறுத்துவிட்டான்.

பெண் கரையில் நின்று நடுங்கினாள். நான் தலை துடைக்கத் துவர்த்து எடுத்துக் கொடுத்தேன். போட்டோக்காரன் மட்டும் காமிராவை விட்டுத் தலை நிமிரவில்லை. "சேட்டா, பம்பு ஒருக்கக்கூடி இழுக்குமா? முகத்துல நல்ல எக்ஸ்பிரஷனாக்கும்."

எதற்கென்று சொல்லாத ஜெபம்

பம்பு பழுது பார்க்கத் திருவனந்தபுரம் போயிற்று. பவுண்டன் நின்ற குளத்தில் ஆம்பல் எழும்பியது பாருங்கள், சிவப்பும் வெள்ளையும் ஊதாவுமாக இலை தெரியாத பூ! சந்தோஷப்படவும் முடியவில்லை. ஒவ்வொரு பூ விரியும்போதும் மேரியின் முகம் வந்து நின்றது. பூ இப்படியே இருந்தால் அவன் மறுபடி வள்ளம் ஏற வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முழங்காலில் நின்றேன். பூ வேண்டும் என்று கேட்பதா, வேண்டாம் என்று கேட்பதா? ஒன்றும் விளங்காமல் ஆமென் மட்டும் சொல்லி எழும்பினேன். மறுநாள் இதைச் சேவியரிடம் சொன்னால், அவன் கதையும் அதேதான். "நானும் மாதாவுக்கு மெழுகுதிரி ஏத்தினேன் அக்கா. எதுக்குண்ணு மட்டும் சொல்லல்ல."

கமிட்டி

கமிட்டி வருகிற நாள் காலையில் பம்பும் வந்துவிட்டது. சேவியர் பொருத்தினான். சுவிட்சுப் பெட்டியருகில் அவன், பூக்களுக்கு நடுவில் நான். ஆட்கள் வாசல் தாண்டிவிட்டார்கள். "போடட்டா, வேண்டாமா?" என்று கையால் கேட்டான். நான் வேண்டாம் என்று தலையாட்டினால் போடமாட்டான். அது எனக்கு நன்றாகத் தெரியும். அதுதான் என்னை அறுத்தது. "எலே, போடு மக்கா!" என்று கத்திவிட்டேன்.

சிலுவை போட்டுக்கொண்டு போட்டான். தண்ணீர் எழும்பி விழுந்தது. பூக்கள் நனைந்து குனிந்தன, ஆனால் கூம்பவில்லை. ஒரு நனைவில் ஆம்பல் கெட்டுப்போவதில்லை, போகப்போகத்தான் அழுகும். கமிட்டித் தலைவர் குடைக்குள் நின்று பூவையும் பவுண்டனையும் மாறி மாறிப் பார்த்தார். மானேஜர் சார் என்னவோ சொல்ல வாயெடுத்தார். தலைவர் கையமர்த்தினார். "பாத்தேரா? மேலேருந்து தண்ணி விழுகதுனாலயாக்கும் இவ்வளவு பூ! ரெண்டு பேரும் நிக்கட்டும். அந்த ரெண்டு மூலையிலயும் ஒவ்வொரு பவுண்டன்கூடி வையும்!"

ஆக, பூ காப்பாற்றித் தந்த வேலையை நானும் சேவியரும் இன்றும் ஒழுங்காகச் செய்துவருகிறோம், குளத்தில் பூ மட்டும்தான் இல்லை.