இடப்பக்கத்துச் சலாம்

நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் நான் பெயின்டராக இருந்தபோது, அங்கே ஒரு வாட்ச்மேன் இருந்தார். வெள்ளைத் தாடி, நெற்றியில் தொழுகைத் தழும்பு. இடப்பக்கமிருந்து யார் கூப்பிட்டாலும் கழுத்தைத் திருப்பமாட்டார். வலப்பக்கமாக உடம்போடு ஒரு சுற்றுச் சுற்றித்தான் கூப்பிட்டவர் முகம் பார்த்து நிற்பார். கழுத்துப் பிடிப்பு என்று நினைத்து ஒருநாள் தைலம் வாங்கிக் கொடுத்தேன்.

அன்று மாலையே அவர் தொழுவதைப் பார்த்தேன். முடிக்கும்போது வலப்பக்கம் முகத்தைத் திருப்பிச் சலாம் கொடுத்தார். பிறகு இடப்பக்கமும் கழுத்து தாராளமாகத் திரும்பியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க பாய், இப்ப மட்டும் கழுத்து திரும்புதுங்களா?"

அவர் தைலப் புட்டியைத் திருப்பிக் கொடுத்தார்.

"நான் லாரி ஓட்டுனவனுங்க. இடப்பக்கத்து சீட்டுல எங்கண்ணன் உக்காந்திருந்தாரு. அந்தப் பக்கந்தான் கொண்டுபோய் மோதுனேன். அங்கயே மௌத்தாப் போயிட்டாரு. அப்பறம் அந்தப் பக்கம் பார்க்கவே முடியலைங்க. தொழுது முடிக்கறப்ப மட்டும் அல்லா திருப்பி உடறானுங்க."

நான் வேலையை விட்டுக் கிளம்பிய நாளில், மறந்துபோய் அவருடைய இடப்பக்கம் நின்று, "வாரேனுங்க பாய்" என்றேன். அவர் உடம்பைச் சுற்றவில்லை. கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பி சலாம் சொன்னார்.

அது எனக்கா, அவர் அண்ணனுக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.