ஜெய்னுலாப்தீன் கட்டிய பேனர்

மரக்காணத்துத் தணிகாசலம் இரண்டு முறை எம்.எல்.ஏ., பிறகு எம்.பி. அவர் நின்ற தேர்தலுக்கெல்லாம் பேனர் கட்டியவர் பாத்திரக்கடை ஜெய்னுலாப்தீன். அதற்குக் கிடைத்த கைம்மாறு என்னவென்று பாருங்கள். ஜெய்னுலாப்தீனின் மகன் ஃபாரிஸ் துபாயில் வேலை செய்த இடத்தில் இறந்துபோனான். உடலை ஊருக்கு அனுப்பக் கேட்கும் ஒரு கடிதத்தில் எம்.பி. கையெழுத்துப் போட்டார். அதைப் போட்டோவும் எடுத்துக்கொண்டார். மய்யித்து வருவதற்கு முன்பே உப்பளச் சாலைக்குப் பேனர் வந்துவிட்டது: ‘உடலை மீட்டுத் தந்த எங்கள் எம்.பி.க்கு நன்றி!’ அதில் எம்.பி. ஆளுயரத்துக்குச் சிரித்தார். ஃபாரிஸ் மூலையில், தபால்தலை அளவுக்கு.

“பாய், கடல் காத்து அடிக்குது. நீங்க கட்டுனாத்தான் நிக்கும்,” என்றான் கட்சிக்காரன் விஜயகுமார், கொஞ்சமும் கூசாமல்.

ஜெய்னுலாப்தீன் ஏணியில் ஏறிக் கட்டினார். இறங்கி நின்று, எம்.பி. முகம் நேராக இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஃபாரிஸை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் வந்தது.