பிளக்குக்கு வைத்த பொட்டு

கல்யாணம் நிச்சயமானதும் என் தம்பி முதலில் கேட்டது என் காரைத்தான். உத்திரமேரூரில் மாப்பிள்ளை அழைப்புக்குப் பூ ஜோடித்த கார் போகாத தெரு கிடையாது. ஆனால் தரையோடு ஒட்டி உட்கார்ந்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் எதுவும் போனதில்லை. அந்தப் பெருமை தனக்கு வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான்.

அப்பாவுக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. ஒரகடத்தில் வேலை பார்த்து நான் சம்பாதிப்பதெல்லாம் அதன் எஞ்சினுக்குள் போகிறது, ஒரு நெல் மூட்டைகூட அதில் ஏறாது என்பது அவர் வழக்கு. "சரி, எட்த்துக்கினு வா. ஆனா ஊர்கோலத்துல ஒரு தபா நின்னுச்சுன்னா வித்துடணும். சொந்தக்காரங்க முன்னால மானம் போவக் கூடாது" என்றார். நானும் சரி என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத பிறவி நான்.

பிறகுதான் ஊர்வலத்தை நினைத்துப் பார்த்தேன். என் கார் வேகத்துக்காக டியூன் செய்தது. ஊர்வலமோ நடக்கிற வேகம்கூடக் கிடையாது. நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கினால் நிற்கும், சித்தப்பாக்கள் ஆட ஆரம்பித்தால் பின்னாலேயே வரும். பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கிற ஸ்பார்க் பிளக், வேகமாக ஓடும் எஞ்சினில் சூட்டைச் சட்டென்று வெளியே தள்ளுகிற ரகமாக இருக்க வேண்டும். அதையே போட்டு ஊர்ந்தால் முனை சூடாகாது, கரி படியும், வண்டி நின்றுவிடும். அதனால் இந்த ஒரு நாளைக்கு மட்டும், சூட்டைக் கொஞ்சம் தன்னிடமே வைத்துக்கொள்ளும் பிளக்காகத் தேடினேன். காஞ்சிபுரம் கடைக்காரர் என் கேள்விகளைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் பெட்டியையே என் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போனார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம், வீட்டில் எல்லோரும் சீர்வரிசைத் தட்டு அடுக்கிக்கொண்டிருக்க, நான் ஃபீலர் கேஜோடு உட்கார்ந்தேன். பிளக் முனையில் பொறி தாவும் இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு அது. நாலு பிளக்கையும் ஒரே அளவுக்கு வளைத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், நாலும் பூஜை அலமாரியில் வெற்றிலைமேல் படுத்திருக்கின்றன. நான் அளந்து வைத்த இடைவெளி ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

"அம்மா, இன்னா பண்ணி வெச்சிகீற?"

"புது சாமானாச்சே. மிக்ஸிக்கு வெச்சேன், மோட்டாருக்கு வெச்சேன். இதுக்கு வெக்காம எப்டி வண்டில போடுவ?"

"அந்தச் சந்துலதாம்மா நெருப்பு வரணும்."

"நெருப்பு வர்ற எடத்துலதாண்டி சந்தனம் வெக்கணும். சூடு தணியும்."

சூட்டைப் பற்றியே நாள்கணக்காக மண்டையை உடைத்துக்கொண்டவளுக்கே பாடம். பெட்ரோல் தொட்டுத் துடைத்தேன், மறுபடி அளந்தேன், மாட்டினேன். சாயங்காலம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டு திருப்பம் வரை குறையே இல்லை. பிறகு வண்டி உதற ஆரம்பித்தது. மாலையும் கூலிங் கிளாஸுமாகப் பக்கத்தில் இருந்த தம்பி, "இன்னாக்கா, தும்முது?" என்றான். "மூடிக்கினு ஒக்காரு" என்றேன். தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கு நேராக எஞ்சின் அணைந்தது.

முன்னால் நடந்துகொண்டிருந்த அப்பா திரும்பி வந்தார். சந்தையில் விற்கப் போகிற மாட்டைப் பார்ப்பதுபோல் காரைச் சுற்றிப் பார்த்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்போதுதான் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு சொன்னாள்: "ஐயோ, புள்ளாருக்குத் தேங்கா ஒடைக்காமலே கெளம்பிட்டமே."

கூட்டம் மொத்தமும் கன்னத்தில் போட்டுக்கொண்டது. யாரோ தேங்காய் வாங்க ஓடினார்கள். எல்லோர் கண்ணும் பிள்ளையார்மேல் இருந்த நேரத்தில் நான் முந்தானையைச் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்து பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றாவது பிளக்கின் அடி ஆழத்தில், என் துணி எட்டாத இடத்தில், அம்மாவின் சந்தனம் கரியாகிக் கிடந்தது. மதியம் கழற்றி டேஷ்போர்டில் போட்டிருந்த பழைய பிளக் ஒன்றை அதற்குப் பதிலாக விரல் சுடச் சுட மாட்டினேன். தேங்காய் உடைந்தது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினேன். ஒரே தடவையில் பிடித்துக்கொண்டது.

மண்டபத்தில் பெண் வீட்டார் எல்லோரையும் நிறுத்தி நிறுத்தி அப்பா இந்தக் கதையைச் சொன்னார். எனக்குக் கொழுப்பு அடங்கவில்லை. "நின்னுடுச்சே, எப்பப்பா விக்கறது?" என்று கேட்டேன்.

"புள்ளாரே நிறுத்தன வண்டிய எவன்டி விப்பான்?" என்றார்.

அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் மாப்பிள்ளைக்குக்கூட இருந்திருக்காது. நான் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த பிளக்குக்கு மட்டும் ஒரு வார்த்தை பாராட்டு கிடைக்கவில்லை.

போன மாதம் மறுபடி புதுப் பிளக் வாங்கினேன். அவற்றைக் காரில் ரகசியமாக மாட்டிவிட்டு, கழற்றிய பழைய நாலையும் நன்றாகத் துடைத்து அம்மாவின் தட்டில் வைத்தேன். அம்மா பொறுமையாகப் பொட்டு வைத்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"போன தபா மாதிரியே ஈர்க்குச்சியால உள்ள தள்ளி வெச்சிகீறேன். மேல வெச்சா நீ தொடச்சிடற. அன்னிக்கி அதனாலதான் வண்டி பொழைச்சுது."

ஆமாம்மா என்றேன்.