அஜீசா கழற்றிய வாஷர்

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அஜீசா முதன்முதலில் வந்தபோது, வாட்ச்மேன் சவுரியாகிய நானே, "பிளம்பர் எங்கம்மா?" என்று கேட்டுத் தொலைத்தேன். கையிலிருந்த ஸ்பேனரைத் தூக்கிக் காட்டி, "பின்ன இத்த வச்சிகினு சப்பாத்தியா போடப்போறேன்?" என்றாள். அன்றோடு என் வாய் அடங்கிற்று.

அதற்கு முன் பதினோரு வருடம் ஜங்ஷனில் ஒரு குழாய்க் கடையில் வேலை பார்த்தாள். வாங்கிப் போனவர்கள் தப்பாக மாட்டிவிட்டு அவள்மீது வந்து பாய்வார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே வந்து மாட்டித் தொலைக்கிறேன் என்று ஸ்கூட்டியில் கிளம்பியவள்தான்.

இனி ஒரு பூட்டு விஷயத்துக்கு வருகிறேன். கீழே வேலைக்கு வருகிறவர்களுக்கென்று ஒரு கழிப்பறை உண்டு. ஃப்ளஷ் ரிப்பேர் என்று சொல்லி, சங்கச் செயலாளர் ஸ்ரீரங்கன் அதைப் பூட்டச் சொன்னார். பூட்டிய பாவி நான்தான். நான் ஆம்பளை, சுவரோரம் ஒதுங்கிவிடுவேன். வண்டலூரிலிருந்து வந்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் ஜீவிதா என்ன செய்வாள்? காலை ஆறு மணியிலிருந்து இரண்டு மணி வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்க மாட்டாள். போன மாதம் நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திரும்பி வந்த பிறகும் அதே கதைதான். சாவி என் இடுப்பில்தான் இருந்தது. ஆனால் திறந்தால் என் வேலை போய்விடும்.

இதை அஜீசாவிடம் சொல்லி இரண்டு நாள் இருக்கும். செயலாளர் வீட்டு ஃப்ளஷ் ஒழுகுகிறதென்று அவளைக் கூப்பிட்டார்கள். கூடவே நானும் போனேன். தொட்டி மூடியைத் திறந்து, அடியில் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் தேய்ந்துபோன வாஷரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கீழே ஏன் பூட்டு என்று கேட்டாள். ஃப்ளஷ் இல்லாததை எப்படித் திறந்துவிடுவது என்றார் அவர்.

அஜீசா ஒரு வாளித் தண்ணீரைக் கழிப்பறைக் கோப்பையில் ஒரே வீச்சில் ஊற்றினாள். தண்ணீர் மேலேறி, பின்பக்க வளைவைத் தாண்டியதும், கடகடவென்று அத்தனையையும் இழுத்துக்கொண்டு போனது. தொட்டியும் இதைத்தான் செய்கிறது, தண்ணீர் வேகமாக விழுந்தால் போதும் என்றாள். அதெல்லாம் சரிப்படாது, வேலைக்கு வருகிறவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டு வரட்டும் என்றார் செயலாளர்.

அஜீசா வாஷரைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இப்ப உங்க டாய்லெட்லயும் ஃப்ளஷ் இல்ல சார். சவுரி அண்ணே, இத்தயும் பூட்டு. வண்டலூர்ல ஜீவிதா வூடு கீது. சார் அங்க போய்ட்டு வரட்டும்."

இனி உன்னைக் கேட்டுக்குள்ளேயே விடமாட்டேன் என்று செயலாளர் கத்தினார். விடாதீங்க என்று சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். என்னிடம் சாவி கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானேதான் போய்க் கீழ்க் கழிப்பறையைத் திறந்தேன்.

உள்ளே தொட்டிக் கைப்பிடியின் சங்கிலி அறுந்திருந்தது, அவ்வளவுதான். பத்து நிமிடத்தில் அஜீசா அதை மாட்டிவிட்டாள். பூட்டையும் தன் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள். செயலாளர் பால்கனியிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தார். முறைக்கட்டும் என்று நானும் நிமிர்ந்தே நின்றேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஜீவிதா வந்தாள். என் மேஜையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து, முழுவதையும் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள்.