நாற்பத்துமூன்றாம் எண் நிலையம்

செயற்கைக்கோள் படத்தைத் திறக்கும் முன் அப்பா ஜன்னல் திரையை இழுத்து மூடுவார். வீட்டிலும் அப்படித்தான், அலுவலகத்திலும் அப்படித்தான். "ஜன்னலைப் பாத்துச் சொல்றதுக்கு நான் எதுக்கு? அதுக்குத் தெருவுல போறவங்களே போதும்" என்பார். முப்பத்தோரு வருடமாக வானிலை அலுவலகத்தில் மேகம் பார்ப்பவர். ஒருநாளும் குடை கொண்டுபோனதில்லை. வாரத்தில் இரண்டு நாளாவது நனைந்து வருவார்.

அவர் பார்ப்பது பெரும்பாலும் வெப்பப் படம். மேகத்தின் உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு வெள்ளையாக அதில் தெரியும். சிக்கல் என்னவென்றால், மழையே தராத மெல்லிய உயர மேகமும் வெள்ளையாகத்தான் தெரியும். "வெள்ளைச் சட்டை போட்டவனெல்லாம் டாக்டரா?" என்று புதிதாகச் சேர்பவர்களிடம் கேட்பார். யாரும் சிரிக்காவிட்டால் இன்னொரு முறை கேட்பார்.

ஆகவே படத்தைத் தரையில் சரிபார்க்க வேண்டும். அதற்காக வட்டாரத்தில் அறுபத்தோரு மழைமானிகள் இருக்கின்றன. நாற்பத்துமூன்றாவது எங்கள் வீட்டு மொட்டை மாடியில். இருபத்தாறு வருடமாக அதன் பார்வையாளர் அம்மா.

காலை எட்டரைக்கு அம்மா மாடியேறுவார். அதற்குள் அப்பா படத்தைப் பார்த்து, எவ்வளவு மழை பெய்திருக்கும் என்று ஓர் எண் சொல்லிவிட வேண்டும். "பன்னெண்டு மில்லி" என்பார். அம்மா இறங்கி வந்து, "ரெண்டு. உங்க மேகம் வழியில எங்கயோ டீ குடிக்க நின்னுடுச்சு போல" என்பார். அப்பா இரண்டையும் நோட்டில் எழுதுவார். அம்மா எண்ணோடு நிறுத்தியதே இல்லை. கேலியும் வந்த பிறகுதான் அப்பா பேனாவை மூடுவார். அலுவலகத்தில் அம்மாவைப் பற்றி, "நாற்பத்திமூணு இன்னிக்கு என்னை நல்லா வாங்கிவிட்டுச்சு" என்று சொல்வாராம்.

கடைசியாக அம்மா சொன்ன எண் ஆறு புள்ளி நான்கு. அன்று மாலை மருத்துவமனையில் இறந்தார். மாரடைப்பு.

மறுநாளிலிருந்து நோட்டில் நாற்பத்துமூன்றின் கட்டம் காலி. தொடர்ந்து தொண்ணூறு நாள் காலியாக இருந்தால் நிலையத்தைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். விதியை எழுதிய குழுவில் அப்பாவும் இருந்தார். கூட வேலை பார்க்கும் பெண் ஒருநாள் வீட்டுக்கே வந்து, "பூஜ்யம்னு போட்டுடலாம் சார். இல்லேன்னா படத்துல இருந்தே ஒரு நம்பர் எடுத்துப் போட்டுடறேன். யாருக்குத் தெரியும்?" என்றார்.

"பூஜ்யம்னா ஒருத்தர் ஏறிப் போய்ப் பாத்துட்டு, மழை இல்லேன்னு சொன்னதும்மா. காலின்னா யாரும் போகலேன்னு அர்த்தம். படத்தை வச்சே படத்தைச் சரிபாக்கறது, நம்ம பரீட்சையை நாமளே திருத்தற மாதிரி."

"அப்போ நீங்களே ஒரு தடவை ஏறிப் பாத்துடுங்களேன் சார்."

"எண்ணைச் சொன்னவனே போய்ப் பாத்தா கண்ணு அந்த எண் பக்கம்தான் சாயும்."

வெளியூரில் அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பது என் தொழில். அப்பா போனில் இதைச் சொன்னபோது இந்த வாதத்தில் ஓட்டை தேடிப் பார்த்தேன். இல்லை. இதற்கிடையில் அவர் எண் சொல்வதையும் நிறுத்தியிருந்தார். திரையை மூடுவார், படத்தைத் திறப்பார், எட்டரை மணிக்குக் காப்பியை ஆறவிடுவார்.

மாற்றல் கேட்டு நான் வீட்டோடு வந்து சேர்ந்தபோது காலிக் கட்டங்கள் எண்பத்துமூன்று. முதல் நான்கு நாள் மாடிக்கதவு வரை போய்த் திரும்பினேன். கதவருகே அம்மாவின் ரப்பர் செருப்பு கிடந்தது. எண்பத்தெட்டாம் நாள் அதைத் தாண்டிப் போனேன். மழைமானியில் கழுத்துவரை தண்ணீர். கீழே வந்து சொன்னேன்.

"கொட்டிடு" என்றார் அப்பா. "எந்த நாள் எவ்வளவு பெஞ்சதுன்னு தெரியாத தண்ணி கணக்குல சேராது." பிறகு, "செடிக்கு ஊத்து" என்றார்.

எண்பத்தொன்பதாம் நாள் காலையில் தூறல். எட்டு இருபதுக்கு அப்பா திரையை மூடினார். அப்படியும் தூறல் சத்தம் கேட்டது. அதனால் நாற்காலியையும் ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டார். மழைத் தண்ணீரை ஊற்றி அளக்கும் குழாயை என் பக்கம் நகர்த்தினார்.

"பதினொண்ணு" என்றார்.

ஏறினேன். குழாயைக் கண்மட்டத்துக்குத் தூக்கி இரண்டு முறை பார்த்தேன். இறங்கி வந்து, "மூணு புள்ளி ரெண்டு" என்றேன்.

எழுதினார். எழுதி முடித்தும் பேனாவைத் திறந்தபடியே வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். என் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துண்டை எடுக்கப் போன நான் நின்றேன்.

"பாக்கி எட்டு மில்லியும் உங்க ஆபீஸ் மாடியில பெஞ்சிருக்கும், போய்ப் பாருங்க" என்றேன்.

அப்பா பேனாவை மூடினார்.