கொடி நட்ட கடற்கரையில் கோமதிசங்கரும் மேனேஜரும்

கோமதிசங்கர் தன் வாழ்நாளில் ஒரு போர்டையும் முழுசாகப் படித்தவர் இல்லை. படிக்கத் தெரியாமல் இல்லை, தேவை வரவில்லை. குற்றாலத்தில் ஐந்தருவிக் கரையில் விசில் ஊதும் வேலை அவருக்கு. சோப்புப் போட்டால் ஒரு விசில், ஆண்கள் பெண்கள் பக்கம் எட்டிப் பார்த்தால் ஒரு விசில். தண்ணீர் கலங்கி வந்தால் நெஞ்சு வெடிக்க ஊதி அத்தனை பேரையும் கரையேற்றுவார். சோப்புப் போடக் கூடாது என்று பக்கத்திலேயே ஆளுயரத்துக்குப் போர்டு இருக்கும். ஜனங்கள் அதன்மேல் துண்டைப் போட்டுவிட்டு நிதானமாகச் சோப்புத் தேய்ப்பார்கள். அதனால் விதி என்பது எழுதி வைப்பதல்ல, ஊதுவது என்று அவருக்குள் ஊறிப்போயிருந்தது. விசில் வராத வரைக்கும் எல்லாம் செய்யலாம். விசில் வந்த பிறகும், “அண்ணாச்சி, நாங்க லோக்கலு” என்று இளித்தால் இன்னும் கொஞ்சம் செய்யலாம்.

மேனேஜர் கிடைத்ததும் அந்தக் கரையில்தான். செவலை நிற நாட்டு நாய். ஒரு சீசன் முடிந்து, பழக்கடைகள் எல்லாம் தார்ப்பாய் கட்டி மூடிய பிறகும் போகாமல், கடை கண்ணியை எல்லாம் மேற்பார்வை பார்ப்பதுபோல் சுற்றிக்கொண்டிருந்தான். அதனால் அந்தப் பெயர். கோமதிசங்கரின் மனைவி இராமலட்சுமி காலமான வருஷம் அது. பேச்சுச் சத்தமே இல்லாத வீட்டில் ஓர் உயிர் வந்து படுத்தது அவருக்குப் பெரிய ஆறுதல். அதை அவர் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

போன ஐப்பசியில் பாறையில் வழுக்கி விழுந்து முழங்கால் போயிற்று. வேலையும் போயிற்று. கடலோரப் பட்டணத்தில் புருஷன், மாமியாரோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கும் மகள் உமா மகேஸ்வரி தினமும் போன் செய்தாள்.

“ஒத்தையில கெடந்து என்னப்பா செய்யப் போறீங்க? எங்கூட வந்து இருங்க.”

“மேனேஜர் என்ன செய்வான்?”

“அவனையும் கூட்டிட்டு வாங்க. பக்கத்துலயே பீச்சு இருக்கு. சுத்தத்துக்கு அவார்டு வாங்குன பீச்சுப்பா. ரெண்டு நேரமும் அங்கன நடத்திட்டு வரலாம்.”

நாய்க்கு நடக்க இடம் இருந்தால் நாய் வரும். நாய் வந்தால் அவர் வருவார். இல்லாவிட்டால் தென்காசி வாடகை வீட்டிலேயே இரண்டு பேரும் கிடப்பார்கள். இதுதான் அவர் முடிவு. ஒரு வாரம் இருந்து பார்த்துவிடலாம் என்று கார் பிடித்துப் போனார்.

முதல் நாள் சாயங்காலம் உமாவோடு போய்க் கடற்கரையைப் பார்த்ததும் தன்னை அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டார். மணல் சலித்து வைத்த ரவை மாதிரி கிடந்தது. நடுவில் உயரமான கம்பத்தில் ஒரு நீலக் கொடி.

“எந்தக் கட்சிட்டி இது?”

“கட்சி இல்லப்பா. சுத்தமா வச்சிருக்காங்கன்னு குடுத்த கொடி.”

மேனேஜரோடு மணலில் கால் வைத்தார். விசில்! கோமதிசங்கருக்கு உயிரே போய்விட்டது. நாயை இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி ரோடு வரைக்கும் ஓடினார். திரும்பிப் பார்த்தால், அந்த விசில் ஆழத்துக்குப் போன யாருக்கோ. மறுபடி இறங்கினார். மறுபடி விசில், மறுபடி ஓட்டம். மூன்றாம் தடவை சத்தமே இல்லை. சரி, விட்டுவிட்டார்கள் என்று கொடிக் கம்பத்தடியில் போய் நிம்மதியாக உட்கார்ந்தார். அப்போதுதான் காவலாளி வந்தான்.

“சார், இங்க நாய் கூட்டிட்டு வரக் கூடாது.”

“நீங்க ஊதவே இல்லையே?”

“எதுக்கு ஊதணும்? போர்டு இருக்குல்ல.”

“தம்பி, நாங்க லோக்கலு.”

“எந்த ஏரியா?”

“குற்றாலம்.”

காவலாளி சிரித்துவிட்டான். பிறகு பொறுமையாக விளக்கினான். கடற்கரையின் தெற்குக் கோடியிலும் வடக்குக் கோடியிலும் எல்லைக்கு நட்ட இரண்டு கம்பங்களுக்கு நடுவே நாய் கூடாது. வடக்குக் கம்பத்தைத் தாண்டினால் கூடும், ஆனால் கழுத்தில் கயிறு வேண்டும். லீவு நாளில் அங்கேயும் காலையில் மட்டும்தான். அங்கே போவதற்கு இந்த மணல் வழியாகப் போகக் கூடாது, ரோட்டைச் சுற்றிப் போக வேண்டும். கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய் என்றால் எங்கேயும் வரலாம்.

“எனக்கும் கண்ணு கொஞ்சம் மங்கல்தான்” என்றார் கோமதிசங்கர். உமா அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

ரோட்டைச் சுற்றி வடக்குக் கம்பத்துக்குப் போனார்கள். அவருக்குத் தலைகால் புரியவில்லை. இந்தப் பக்கமும் அதே மணல், அந்தப் பக்கமும் அதே மணல். ஒரே அலைதான் இரண்டு பக்கமும் வந்து போகிறது. மேனேஜர் முன்னங்கால் இரண்டையும் தெற்கே வைத்து, பின்னங்காலை வடக்கே விட்டு நின்றான்.

“இப்ப இவன் குத்தவாளியா, இல்லையாட்டி?”

உமா வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்ததை அந்த வாரத்தில் அவர் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வீட்டில் அவர் பாடு இன்னும் மோசம். சம்பந்தியம்மா ஒரு சொல் சொன்னதில்லை. அவர் சோபாவில் உட்கார்ந்து எழுந்தால், வந்து உறையைத் தட்டி விரிப்பார். ஃபிரிட்ஜைத் திறந்தால் ஒரு சிரிப்பு. போனில் பழைய பாட்டு வைத்தால், உள்ளறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொள்ளும். எது சரி, எது தப்பு என்று அவரால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. கடைசியில் பால்கனியில் மேனேஜர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டார்.

ஊருக்குத் திரும்புவதற்கு முந்தின சாயங்காலம், வடக்குக் கம்பத்துக்கு அப்பால் மேனேஜர் நண்டு துரத்திக்கொண்டிருந்தான். உமா கேட்டாள்.

“என்னப்பா முடிவு பண்ணீங்க? அவனுக்கு இந்த எடம் போதும்லா?”

“அவனுக்கு ஒரு கொறையும் இல்லட்டி. இதுவரை வரலாம், இதுக்கு மேல கூடாதுன்னு கம்பம் நட்டு வச்சிருக்காவ. எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல. ஒங்க வீட்டுல நான் எதுவரை வரலாம்?”

உமா கயிற்றை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

“தெரியாதுப்பா.”

“என்னட்டி இப்படிச் சொல்லுத? அது ஒன் வீடுல்லா?”

“கல்யாணமாகி வந்த நாள்லேருந்து நானும் அதத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். இந்த ஒரு வாரத்துல நான் சோபாவுல உக்காந்து பாத்தீங்களா?”

கோமதிசங்கர் யோசித்தார். பார்க்கவில்லை. அடுப்படி வாசலில் நின்று பார்த்திருக்கிறார். சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில், எல்லாரும் எழுந்த பிறகு, தட்டோடு பார்த்திருக்கிறார். தன் சங்கடமே பெரிது என்று பால்கனியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார்.

“ஊருக்குப் போயி வீட்டக் காலி பண்ணிட்டு வந்திருதேன்ட்டி” என்றார். “வந்து, அந்தச் சோபாவுல ரெண்டு பேருமாச் சேந்து உக்காந்து பாப்போம்.”